மலைக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை

மைக் பித்தானை அமுக்கினேன். ஊதிப் பார்த்தேன். "ஹலோ, ஹலோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடியோடு கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பால்மா டின்னுக்குள் அடைத்த வண்டு மாதிரி ஏதோ முனகியது. அதுவா என் குரல்? டயகம ரோட்டில் நான் வருகிறேன் என்றால் ரெண்டு வளைவுக்கு முன்னமே நாய்கள் எழும்பி நிற்கும். அப்பேர்ப்பட்ட குரல் அது.

சுற்றிலும் மூடுபனி. கையை நீட்டினால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய பனி. வலப்பக்கத்தில், பனிக்கு அந்தப் பக்கம், ஓடை. ஓடைக்கு அக்கரையில் ஒன்பதாம் நம்பர் மலை. தேயிலைச் சரிவுகளுக்கு எங்கள் பக்கத்தில் வேறு பேர் கிடையாது. எல்லாம் மலை, எல்லாம் நம்பர். அந்த மலையில் ஒரு கூட்டம் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி புஷ்பம். என் மனைவி.

அவர்களுக்கும் எனக்கும் நடுவில், ஓடையோரத்துக் கானுக்குள், தண்ணீர் வடிகிற பள்ளத்துக்குள், ஒரு சிறுத்தை. எங்கள் பேச்சில் புலி.

யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு மாட்டிக் கிடந்தது. காவல்காரர் கண்டுவிட்டு ஓடிப்போய்த் தோட்டத்து உதவி மேலாளர் சின்னத் துரையிடம் சொல்லியிருக்கிறார். சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் பறந்து வரும்போது எதிரில் மாட்டியவன் நான்.

"லொத்தர்! நல்ல நேரத்துல வந்த" என்றார்.

எங்கள் சின்னத் துரை கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழை எங்கள் லயத்து ஆட்களிடம்தான், அதாவது வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களிடம்தான், படித்தார். அதனால் நாங்கள் ஏசப் பயன்படுத்துகிற ரெண்டு மூன்று சொற்களை அவர் மரியாதைச் சொல் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு அதையெல்லாம் திருத்த நேரமில்லை.

"புலி சுருக்குல கெடக்கு. கம்பி எப்ப அறும்னு தெரியாது. பொம்பளைங்க கொழுந்து நிறுக்க இந்த ஓடப் பாதையிலதான் எறங்குவாங்க. எறங்க வேணாம், மேல் ரோட்டுக்கு ஏறிப் போகச் சொல்லு. அங்க யாருக்கும் போன் எடுக்குதில்ல. ஒன் மைக்குதான் இருக்கு."

"நீங்க எங்கங்க தொர போறீங்க?"

"சிக்னல் உள்ள எடத்துக்கு. வனசீவராசி ஆளுங்களுக்குப் பேசணும். நீ விடாம சொல்லிக்கிட்டே இரு. பய வென்ன எப்பா."

பயப்படாதே என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தங்கள் பயத்தையும் நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். ரெண்டு பேர் பயத்தோடு நான் ஒருவன் ரோட்டில் நின்றேன்.

அப்போதுதான் மைக்கை அமுக்கினேன். அந்த வண்டு முனகியது.

கோடீஸ்வரர் எந்தக் காம்பராவில்?

இந்தத் தொடரைக் கிழமைதோறும் படிக்கிறவர்களுக்கு என் மோட்டார் சைக்கிள் பழக்கம். போன கிழமைதான் வட்டவளை ஏற்றத்தில் அது என்னை ஏற்றாமல், நான் அதை ஏற்றிய கதையை எழுதினேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் லொத்தர், அதாவது லாட்டரிச் சீட்டு, விற்கிறவன்; சனம் என்னைக் கூப்பிடுகிற பேரும் அதுதான். வண்டியின் பின்பக்கம் சீட்டுப் பலகை. இருக்கைக்கு அடியில் ஓர் அம்ப்ளிபயர். ஹேண்டிலின் ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்பீக்கர், ஒன்று இடப்பக்க மலையைப் பார்க்க, மற்றது வலப்பக்க மலையைப் பார்க்க. கழுத்தில் ஒரு மைக்.

"இன்னைக்கு இந்த லயத்துல ஒரு கோடீஸ்வரர் இருக்காருங்கோ! அது நீங்களா, பக்கத்து காம்பராவா?"

இதுதான் என் முதல் வசனம். பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து அறை வீடு, என்ற சொல்லுக்குத்தான் சீட்டு விற்கும். தான் கோடீஸ்வரர் ஆகாவிட்டால் பரவாயில்லை, பக்கத்துக் காம்பரா ஆகிவிடக் கூடாது.

இத்தனை வருஷத்தில் எந்தக் காம்பராவிலும் ஒரு கோடீஸ்வரரும் எழும்பவில்லை. ஆகவே நான் மைக்கில் எது சொன்னாலும் சனம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே சீட்டு வாங்கும். நம்பாது. ஒருமுறை பெரிய துரை பங்களாவில் பனி இலவசமாகக் கொடுக்கிறார்கள், வாளியோடு வாங்க என்று சொன்னேன். ரெண்டு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ரெண்டு பேரும்கூட நம்புவதில்லை.

இப்போது சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஒருவன் பனிக்குள் நின்று "புலி வந்திருக்கு" என்று சொன்னால்?

லாடம் போட்ட டப்பா

ஸ்பீக்கர் கதையைச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

எங்கள் ஊர்ப் பனி ஸ்பீக்கருக்கு எமன். உள்ளே இருக்கிற காகிதக் கிண்ணம் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊறிப்போகும். என் பழைய ஸ்பீக்கர் ரெண்டும் அப்படித்தான் போயின. முதலில் ஒன்று இருமியது. பிறகு மற்றது. ஒரு நாள் "கோடீஸ்வரர்" என்று நான் சொன்னதற்கு "கொர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரெண்டும் அடங்கிவிட்டன.

அம்ப்ளிபயர் மட்டும் உயிரோடு இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். லேசான வேலை. செருப்பு அறுந்தால் வார் மாற்றுவதில்லையா?

என் மச்சான் செல்வம், புஷ்பத்தின் தம்பி, தன் வீட்டு ரேடியோ செட்டிலிருந்து ரெண்டு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"ஸ்பீக்கர்னா ஸ்பீக்கர்தானே மச்சான். மாட்டுங்க."

மாட்டினோம். சத்தம் வந்தது. பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழும்பக் கூடாது என்று பேசுகிற மாதிரி வந்தது.

அப்போதுதான் அம்ப்ளிபயரைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் நாலு என்று போட்டு, பக்கத்தில் குதிரை லாடம் மாதிரி ஓர் அடையாளம். செல்வத்தின் ஸ்பீக்கரில் அதே லாடம், ஆனால் எட்டு.

"நாலு பெருசா, எட்டு பெருசா?" என்று கேட்டான் செல்வம்.

"எட்டு."

"அப்ப என் சாமான்தான் நல்ல சாமான். ஒங்க டப்பாதான் சரியில்ல."

கணக்கில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை. செல்வம் உற்சாகமாகிவிட்டான். ரெண்டு ஸ்பீக்கரால் சத்தம் போதவில்லை என்றால் நாலு மாட்டுவோம் என்றான். வீட்டில் மிச்சமிருந்த ரெண்டையும் கழற்றி வந்து, நாலையும் ஒரே வயரில் சேர்த்துக் கட்டினான்.

சத்தம் வந்தது. உண்மையிலேயே வந்தது. கூடவே வாசமும் வந்தது.

அம்ப்ளிபயரைத் தொட்டேன். ரொட்டிக் கல். இந்த டப்பா போனால் என் தொழில் போயிற்று. என் தொண்டையை மட்டும் வைத்து ஒரு லயத்தைக்கூட எழுப்ப முடியாது. கையில் கிடைத்த லொத்தர்ச் சீட்டுக் கட்டை எடுத்து விசிறினேன். சூடு தணியவில்லை. பீலிக்கு ஓடி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் புஷ்பம் மறித்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டு சாமானுக்குத் தண்ணி ஊத்தி அணைக்கிற ஒரே ஆளு இந்தத் தோட்டத்துல நீங்கதாங்க" என்றாள். போய் வயரைப் பிடுங்கினாள். சூடு தணிந்தது. அம்ப்ளிபயர் பிழைத்தது. வாளித் தண்ணீரை நான் வாசலிலேயே கொட்டினேன்.

ஹட்டன் வைத்தியம்

அம்ப்ளிபயரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கடைவீதியில் ஒரு ரேடியோ கடை. முதலாளியின் மருமகள்தான் கவுண்டரில் நிற்பார். டப்பாவைத் திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"அண்ணே, இந்த நம்பர் ஸ்பீக்கரு எவ்வளவு தடுக்குதுங்கிற கணக்கு. எட்டு போட்டா ரொம்பத் தடுக்கும், சத்தம் கொறையும். நாலு ஸ்பீக்கர ஒண்ணாக் கட்டினா தடுக்கவே மாட்டேங்குது, டப்பா பாவம், ஓடி ஓடி எரியுது. இதுல நாலுன்னு போட்டிருக்கா? நாலே வாங்கிக்கங்க. வாட்ஸ் மட்டும் டப்பாவ விட ஒரு சொட்டு கூட இருக்கட்டும்."

பனிக்கு ஊறாத பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு பின்பக்கத்தைக் காட்டினார்.

"இதுல ஒரு பக்கம் செவப்புப் பொட்டு இருக்கு பாருங்க. டப்பாவுலயும் இருக்கு. பொட்டுக்குப் பொட்டு குடுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி."

"பொட்டு வச்சிருக்கா? அப்ப சுமங்கலி ஸ்பீக்கர்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது பகிடி ஞாபகம் இருந்தது. விஷயம் ஞாபகமில்லை.

எனக்கு ஒரு காது, அவனுக்கு ஒரு காது

என் வண்டி வயர்களுக்கு நிறமே கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுற்றுக் கறுப்பு டேப் போட்டுப் போட்டு எல்லாம் ஒரே குடும்பத்துப் பாம்புகளாகிவிட்டன. எது எங்கே போகிறது என்று தெரியாது. கைக்கு எட்டிய வயரைக் கைக்கு எட்டிய முனையில் கொடுத்தேன்.

இடது ஸ்பீக்கரை மட்டும் மாட்டிப் பேசினேன். அருமை. அதைக் கழற்றி வலதை மட்டும் மாட்டினேன். அதுவும் அருமை. ரெண்டையும் சேர்த்து மாட்டினேன். குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது.

வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் ஒருபக்கமாகக் குந்தியிருந்த செல்வம் காதைப் பொத்தினான். "கொறைங்க மச்சான், காது கிழியுது!"

"எனக்குக் கேக்கவே இல்லடா."

"நக்கல் பண்ணாதீங்க."

"சாமி சத்தியமா."

"அப்ப நீங்க எறங்குங்க, நான் ஏறிப் பாக்குறேன்."

அவன் வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தான். நான் இஸ்தோப்பில் போய்க் குந்தினேன். அவன் வாயைத் திறந்ததும் எனக்குக் காது கிழிந்தது.

"கொறடா!" என்றேன்.

"என்னத்தக் கொறைக்கிறது? ஒண்ணுமே கேக்கலையே!"

சற்று முன்பு நான் பொய் சொல்கிறேன் என்று அவன் நினைத்தான். இப்போது அவன் பொய் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். புஷ்பம் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் டிஸ்பென்சரிக்குப் போய்க் காதக் காட்டிட்டு வாங்க" என்றாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். லூஸ் கனெக்ஷன். வரும், போகும். நினைத்தால் கேட்கும், நினைத்தால் கேட்காது. உலகத்தில் விளங்காத எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் இந்த ஒரு பதில்தான். காலையில் ஹட்டனுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று படுத்தேன்.

காலையில் கிளம்பினேன். வழியில்தான் சின்னத் துரை.

மறுபடி அந்த வளைவுக்கு

வண்டியைத் தெருவோரம் நிறுத்தியிருந்தேன். பேட்டரி இறங்கிவிடுமோ என்று இன்ஜினை நிறுத்தவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. புலி பாய்ந்தால் தலையாவது மிஞ்சட்டுமே. வண்டியின் மேல் அப்படியே உட்கார்ந்து, மைக்கை வாயோடு ஒட்டி, என்னால் முடிந்த நல்ல தமிழில் ஆரம்பித்தேன்.

"ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் அன்பான தாய்மார்களுக்கு ஓர் அறிவித்தல். ஓடைக்கரையில் புலி ஒன்று இருப்பதால், நீங்கள் யாரும் கீழே இறங்காமல், மேல் ரோட்டுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வண்டு முனகியது. அவ்வளவுதான்.

திரும்பச் சொன்னேன். வண்டு. டப்பாவைத் தட்டினேன். வண்டு. வயரை இழுத்தேன், ஆட்டினேன், ஊதினேன். லூஸ் கனெக்ஷன் இன்றைக்குத்தான் போக வேண்டுமா?

கானுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

நடந்துபோய்ச் சொல்லலாம் என்றால் அக்கரைக்குப் போகிற ஒரே பாதை அந்தக் கானைத் தாண்டித்தான் போகிறது. மேல் ரோட்டால் சுற்றிப் போவதற்குள் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்துவிடும். அவர்கள் கூடையோடு இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் இறங்குவது யார்? புஷ்பம். அவளுக்கு முட்டி வலி. மற்றவர்களோடு சேர்ந்து வேகமாக இறங்க முடியாது என்று கொஞ்சம் முன்னமே தனியாகக் கிளம்பிவிடுவாள். தடி ஊன்றி, ஒவ்வொரு படியாக, நேராகக் கானோரத்துக்கு.

அந்தப் படம் மனதில் வந்ததும் மைக்கைப் பிடித்த கை அப்படியே இறுகிவிட்டது. பித்தான் அமுங்கியபடியே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. செட்டு செத்துவிட்டது என்ற தைரியத்தில் வாய் தன் பாட்டுக்கு அழ ஆரம்பித்துவிட்டது.

"ஐயோ முனியாண்டி அப்பா! ரோதமுனி சாமி! இந்தப் பாழாப்போன டப்பா பேச மாட்டேங்குதே! நான் என்னா செய்வேன்? ஒனக்கு ஒரு கெடா வெட்டுறேன் சாமி. கறுத்த கெடா. நல்லா வளந்த கெடாவா வெட்டுறேன். அந்தப் புள்ளைய மட்டும் எறங்க வுட்றாத! புஷ்பா! ஏ புஷ்பா! எறங்காதடி! அந்த முட்டிய வச்சிக்கிட்டு ஒன்னால ஓட முடியாதுடி! நீ போயிட்டா நான் யாருகிட்டடி வாயடிப்பேன்! புஷ்பாஆஆ!"

இப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

அக்கரையில் அழுதவர்

அப்போதுதான் அது கேட்டது.

பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஓர் ஆம்பிளை கேவிக் கேவி அழுகிறார். ஹெல்மெட்டுக்குள் தெளிவாக விழவில்லை, ஆனால் அழுகைதான். "சாமீ" என்கிறார். "ஆஆ" என்கிறார்.

பெண்கள் கூட்டத்தோடு மலையில் நிற்கிற ஒரே ஆம்பிளை பெருமாள் கங்காணி. கம்பி அறுந்துவிட்டது. புலி மேலே ஏறிவிட்டது. கங்காணியைப் பிடித்துவிட்டது.

"கங்காணி!" என்று கத்தினேன்.

"...காணீ!" என்றார் அக்கரையில் இருந்தவர்.

"அழாதீங்க கங்காணி!"

"...காணீ!"

"ஐயோ, ஒங்களத்தான் கேக்குறேன், ஒங்கள கடிச்சிருச்சா?"

"...கடிச்சிருச்சா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

சாகப்போகிற நேரத்திலும் மற்றவனை விசாரிக்கிற மனுஷன் என்று எனக்கு அழுகை இன்னும் கூடியது. நான் கூட அழ, அவரும் கூட அழுதார். ஓடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆம்பிளைகள் போட்டி போட்டு அழுதோம்.

பிறகு எங்கோ உயரத்தில், மேல் ரோட்டுப் பக்கமிருந்து, பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது.

புலி துரத்துகிறவர்கள் சிரிப்பார்களா? ஒன்றும் விளங்கவில்லை. அழுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதி திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தபோது சின்னத் துரை திரும்பி வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்து, இறுகிய விரல்களை ஒவ்வொன்றாக மைக்கிலிருந்து பிரித்தெடுத்தார்.

"போதும் லொத்தர். எல்லாரும் மேல் ரோட்டுக்கு ஏறிட்டாங்க. அங்க சிக்னல் இருக்கு, இப்பத்தான் கங்காணி போன்ல சொன்னாரு."

"கங்காணி உயிரோட இருக்காரா? அங்க அழுதாரே!"

"அழுதது நீ" என்றார் சின்னத் துரை. "அந்த மலையில பட்டுத் திரும்பி வருது. நான் சிக்னல் எடத்துல நின்னேன், அங்கயும் கேட்டுச்சு. கீழ்க் கணக்கு லயத்துக்கும் கேட்டுச்சாம்." கீழ்க் கணக்கு என்பது தோட்டத்தின் கீழ்ப் பிரிவு. பிறகு, "ஒன் வைஃப் பேரு புஷ்பாவா? நல்ல பேரு" என்றார்.

வனசீவராசி ஆட்கள், வனவிலங்குத் துறைக்காரர்கள், வந்தார்கள். மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, வலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். என் பக்கமாகத்தான் கொண்டுபோனார்கள். கண் பாதி திறந்திருந்தது. இங்கே என்னதான் நடக்கிறது என்று ஒன்றும் புரியாத முகம். சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கொழுந்து மடுவத்தில் விசாரணை

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கொட்டகைப் பக்கம் போகாமல் நழுவிவிடலாம் என்று பார்த்தேன். காமாட்சி அக்கா கண்ணில் பட்டுவிட்டேன். புஷ்பத்துக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர். வாய் எனக்குச் சமம்.

"வாங்க கெடா! வாங்க!" என்றார்.

மடுவமே சிரித்தது.

"மொதல்ல தாய்மார்களேன்னு ஆரம்பிச்சீங்களே, அப்ப நாங்க ஒருத்தரும் அசையல. லொத்தர் இன்னைக்குப் புலிச் சீட்டு விக்கிறாருன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தோம். பொறவு கெடான்னீங்க பாருங்க, பெருமாள் கங்காணி மூஞ்சி மாறிருச்சு. 'அடியே, இவன் சாமிக்கு ஒரு தேங்கா ஒடைக்கவே மூணு வருசம் யோசிக்கிறவன். இவன் வாயில கெடான்னு வருதுன்னா புலி நெசந்தாண்டி'ன்னாரு. கூடைய அப்படியே போட்டுட்டு ஓடினோம்."

"பயத்துல சொன்னதுக்கா. சாமிக்கே தெரியும். ஒரு சேவலோட முடிச்சுக்கலாம்."

"சாமிக்கு மட்டுமா தெரியும்? கீழ்க் கணக்கு லயம் பூராவும் தெரியும். கறுத்த கெடா. நல்லா வளந்த கெடா. நீங்கதான் சொன்னீங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ நேர்த்திக்கடன் வைத்துவிட்டுச் சாமியோடு தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். தோட்டத்தையே சாட்சி வைத்து நேர்ந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

"ஆனா ஒண்ணு" என்று காமாட்சி அக்கா குரலைத் தாழ்த்தினார். "நாங்கல்லாம் ஓடினோம். இவ ஓடல. சத்தம் வந்த பக்கம் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நின்னா. நானும் இன்னும் ரெண்டு பேரும் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போக வேண்டியதாப் போச்சு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் புஷ்பத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. எங்கள் அப்பா எங்கள் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவருடைய அப்பாவும் கூப்பிட்டதில்லை. "இந்தா", "ஏய்", "அங்க யாரு" இவைதான் எங்கள் வீட்டில் அவளுடைய பேர்கள். மற்றவர்களிடம் பேசும்போது "எங்க வீட்ல". இந்தக் கதையில் எத்தனை முறை புஷ்பம் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். எழுதும்போதே கை கூசுகிறது.

புஷ்பம் மடுவத்து மூலையில் இடுப்புச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொன்னாள்.

"என் பேரு இம்புட்டு நீளம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

காற்றுக் கணக்கு

இடையில் ஒரு விளக்கம். மறுநாள் ஹட்டன் கடையில் கேட்டது இது. கதை முடியும் முன் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் சரி, நம்பர் சரி, வாட்ஸ் சரி. வயர்தான் பிழை. முதலாளியின் மருமகள் ரெண்டு ஸ்பீக்கரையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுல பொட்டுக்குப் பொட்டு குடுத்திருக்கீங்க, இன்னொண்ணுல மாத்திக் குடுத்திருக்கீங்க" என்றார்.

"அதனால என்னங்க? ரெண்டும் பேசுதே?"

"பேசுது. ஒண்ணு காத்த வெளியே தள்ளுற நேரம் மத்தது உள்ள இழுக்குது. நட்டநடுவுல ஒக்காந்திருக்கிறவருக்கு ரெண்டும் சேந்து கழிஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிரும். பக்கவாட்டுல நிக்கிறவங்களுக்கு நல்லாக் கேக்கும். நீங்க வண்டிமேல ஒக்காந்து பாத்திருப்பீங்க."

"நான் லூஸ் கனெக்ஷன்னு நெனச்சேன்."

"வயர்ல லூஸ் இல்லண்ணே" என்றார் அவர். இந்த முறை அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஸ்பீக்கரின் ரெண்டு வயரையும் இடம் மாற்றினார். மைக்கைத் தந்தார். "ஹலோ" என்றேன். என் குரல் என் காதிலேயே அறைந்தது. சொந்தக் குரலைக் கேட்டு இவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம்

மடுவத்திலிருந்து நான் வீட்டுக்குப் போனபோது புஷ்பம் முந்திவிட்டாள். அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

வரும் வழியில் மூன்று நான்கு பகிடி தயார் செய்து வைத்திருந்தேன். அதெல்லாம் சும்மா ஸ்பீக்கர் டெஸ்ட் என்று சொல்லலாம். புஷ்பா என்பது அந்தப் புலியின் பேர் என்று சொல்லலாம். எதை முதலில் எடுத்துவிடுவது என்று யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

"ஏங்க" என்றாள்.

"ம்."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"காலையில. மலைக்கு. அத்தன வாட்டி கூப்பிட்டீங்களே. என்னான்னு கேக்கலாம்னு நின்னேன். அவளுக வுடாம இழுத்துக்கிட்டு ஓடிட்டாளுக." எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அதான் இப்பக் கேக்குறேன். என்னா?"

வாயைத் திறந்தேன். எத்தனை லயத்து வாசலில் நின்று, எத்தனை ஊருக்குக் கோடீஸ்வரர்களை அறிவித்த வாய். தயார் செய்து வைத்த பகிடிகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன்.

"சும்மாதான்" என்றேன்.

புஷ்பம் எழும்பினாள். கொதித்த தண்ணீரில் தேயிலையைப் போட்டு, வடித்து, எனக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை என்று ஊற்றினாள். என் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டாள்.

"சும்மா கூப்பிடுறதுக்கு ஒரு கெடாவாங்க?" என்றாள்.